துப்பாக்கி வெடிப்பதற்கு முன்: கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தேங்கி நிற்பவர்களுக்கு

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டில் ரேங்க் ஏறாமல் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் யாரிடமாவது காரணம் கேட்டுப் பாருங்கள். "எய்ம் பத்தலை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அடுத்த வாரம் புது மவுஸ் வாங்கியிருப்பார். அதற்கடுத்த வாரம் சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவை, மாற்றியிருப்பார். ரேங்க் மட்டும் அசையாது.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய், ஆடி முடித்த ஆட்டங்களின் பதிவான டெமோவைத் திறந்து, நான் சாகும் காட்சிகளை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு சாவுக்கும் காரணத்தை ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் நிரம்பியது. அதில் 'எதிரியைச் சரியாகப் பார்த்தேன், நின்று சுட்டேன், ஆனாலும் குறி தப்பியது' என்று எழுத முடிந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மீதி எல்லாம் வேறு கதை. குறி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே சுட்டேன். ஒரே நேரத்தில் மூன்று பக்கத்துக்குத் தெரியும்படி நின்றேன். கூட வந்தவர் எங்கோ இருந்தார். கிளிக் செய்வதற்கு முன்பே அந்தச் சண்டைகள் முடிந்துபோயிருந்தன.

அந்த 'முன்பே' என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். வாங்குவது, குண்டு வைப்பது, செயலிழக்கச் செய்வது வரை தெரிந்து, அதற்கு மேல் ஏன் போக முடியவில்லை என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1999-ல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மேல் கட்டிய மாட், அதாவது அதை மாற்றி அமைத்த வடிவம், இது. 2000-ல் வால்வ் நிறுவனம் அதைத் தனி விளையாட்டாக வெளியிட்டது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கு போட்டு ஆடிய 1.6 பதிப்பு பலருக்கு நினைவிருக்கும். 2012-ல் குளோபல் அஃபென்சிவ் வந்தது, 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. ஐந்து பேருக்கு ஐந்து பேர், முதலில் 13 ரவுண்ட் ஜெயிக்கும் அணிக்கு ஆட்டம். இதே வகை விளையாட்டான வாலரன்ட் ஆடுபவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். எங்கே பொருந்தாதோ அங்கே சொல்கிறேன்.

தலை உயரம் என்பது எது?

திரையின் நடுவில் இருக்கும் குறிக்குப் பெயர் கிராஸ்ஹேர். புதிதாக ஆடுபவரின் பின்னால் நின்று பார்த்தால், அவர் நடக்கும்போது அந்தக் குறி தரையில் ஊர்ந்துகொண்டே போவது தெரியும். தெருவில் நடக்கும்போது பள்ளம் மேடு பார்த்துக் குனிந்து நடக்கிறோமே, அந்தப் பழக்கம்தான். ஆனால் இங்கே தரையில் யாரும் இல்லை. எதிரி வந்ததும் குறியை மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், அப்புறம் சுட வேண்டும். அவ்வளவு வேலையையும் கால் நொடிக்குள் கேட்டால் கை எப்படிச் செய்யும்? குறி ஏற்கெனவே தலை உயரத்தில் இருந்தால் பக்கவாட்டு நகர்வு மட்டும்தான் மிச்சம். மூலையையும் சரியாகக் கணித்திருந்தால் அதுவும் இல்லை, கிளிக் மட்டும்.

சரி, தலை உயரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. விளையாட்டின் கேமரா உங்கள் கதாபாத்திரத்தின் கண்ணில் இருக்கிறது. எதிரியின் உயரமும் உங்கள் உயரமும் ஒன்றுதான். ஆகவே இருவரும் சமதரையில் நிற்கும்போது, மேலும் கீழும் சாய்க்காமல் நேராகப் பார்த்தால் உங்கள் குறி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே அவருடைய கண்ணின் உயரம். அவர் பத்தடி தள்ளி நின்றாலும் நூறடி தள்ளி நின்றாலும் இது மாறாது. கிட்டே வந்தால் உருவம் பெரிதாகும், கால் திரையில் கீழே இறங்கும், ஆனால் முகம் அதே கோட்டில்தான் இருக்கும். தூரத்தில் இருப்பவரைச் சுடக் குறியை உயர்த்த வேண்டும், பக்கத்தில் இருப்பவரைச் சுடத் தாழ்த்த வேண்டும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சமதரையில் அது தேவையே இல்லை.

இந்தக் கணக்கு உடைவது தரை சமமாக இல்லாத இடத்தில். டஸ்ட் 2 என்ற மேப்பில் (ஆட்டக் களத்தில்) லாங் பக்கம் உள்ள பிட் ஒரு பள்ளம். அங்கே நிற்பவரின் தலை நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கீழே இருக்கும். மிராஜ் மேப்பில் பேலஸ் என்ற இடத்திலிருந்து, குண்டு வைக்கும் இடமான ஏ சைட்டை எட்டிப் பார்த்தால் எல்லாத் தலையும் கீழே. படிக்கட்டு, சரிவு, பெட்டிமேல் ஏறி நிற்பவர், இவை மட்டும்தான் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை. அதற்கு வழி, காலியான மேப்பைத் தனியாகத் திறந்து, ஒரு 'பாட்'டை (கணினியே இயக்கும் ஆளை) அந்த இடத்தில் நிற்கவைத்து, அதன் தலை பின்னால் உள்ள சுவரில் எந்த அடையாளத்துக்கு நேராக வருகிறது என்று பார்ப்பது. ஜன்னல் விளிம்பு, சுண்ணாம்பு நிறம் மாறும் கோடு, பெட்டியின் மேல் ஓரம், ஏதாவது ஒன்று கிடைக்கும். அதன் பிறகு அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் குறியை அந்த அடையாளத்தில் வைத்தபடியே வரலாம்.

தலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ஏகே-47 தலையில் பட்டால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஒரே குண்டு போதும். எதிரணியின் எம்4-க்கு அந்தச் சலுகை கிடையாது. ஹெல்மெட் போட்ட தலைக்கு இரண்டு குண்டு வேண்டும். நொடிக்குப் பத்துக் குண்டு தள்ளும் ஏகே-யில் முதல் குண்டு எங்கே போகிறது என்பதுதான் ஆட்டம். முப்பது குண்டையும் ஒரே மூச்சில் இறைத்துவிட்டு "ஸ்ப்ரே சரியில்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. ஸ்ப்ரே முக்கியம்தான். குண்டுகள் முதலில் மேலே ஏறும், பிறகு இடமும் வலமுமாக அலையும், அதற்கு எதிர்த்திசையில் மவுஸை இழுக்க வேண்டும். சுவரில் சுட்டுப் பழகினால் சில வாரத்தில் வந்துவிடும். ஆனால் அது இரண்டாவது பாடம்.

காத்திருக்கும்போது குறியை எங்கே வைப்பது?

உயரம் பிடிபட்டதும் அடுத்த சந்தேகம் பக்கவாட்டில் வரும். சுவரின் விளிம்பை ஒட்டிக் குறியை வைத்துக் காத்திருக்கிறோம். எதிரி வெளியே வருகிறார். சுடுகிறோம். குண்டு அவருக்குப் பின்னால் போகிறது. "நெட்வொர்க் சரியில்லை" என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்ல மனிதருக்கு 0.2 முதல் 0.25 நொடி ஆகும். ஏகே-47 பிடித்து ஓடுபவரின் வேகம் விளையாட்டின் அளவில் நொடிக்கு 215 யூனிட். அந்த இடைவெளியில் அவர் 43 முதல் 54 யூனிட் நகர்ந்திருப்பார். ஒரு கதாபாத்திரத்தின் அகலம் 32 யூனிட். அதாவது, நீங்கள் பார்த்த கணத்துக்கும் கிளிக் விழும் கணத்துக்கும் நடுவில் அவர் தன் உடல் அகலத்தில் ஒன்றரை மடங்கு தள்ளிப் போயிருப்பார். விளிம்பை ஒட்டி வைத்த குறி காற்றைத்தான் சுடும். ஆகவே காத்திருப்பவர் விளிம்பிலிருந்து ஒன்றரை ஆள் அகலம் வெளியே தள்ளிக் குறியை வைக்க வேண்டும். அவர் தானாக அதற்குள் நடந்து வருவார்.

எட்டிப் பார்ப்பவருக்கு இது தலைகீழ். நீங்கள் மூலையைத் தாண்டி வெளியே வரும்போது எதிரி அசையாமல் நிற்பார். அப்போது குறி விளிம்பை ஒட்டியே இருக்கலாம், நீங்கள் நகர நகர அவர் இருக்கும் இடம் தானாகத் திறக்கும். இந்த வேறுபாட்டை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டுக்கும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பல மாதம் ஓட்டினேன்.

மூலையின் நியாயம்

இந்த விளையாட்டில் பாதி வாழ்க்கை மூலைகளில் கழிகிறது. ஒரு சுவர் மூலை, அதன் இருபுறமும் இரண்டு பேர். யார் யாரை முதலில் பார்ப்பார்?

இருவருமே ஒரே நேரத்தில் பார்ப்பார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. நாம் பார்ப்பது கண்ணால், கண் உடலின் நடுவில். ஆனால் எதிரிக்கு முதலில் தெரிவது நம் கண் அல்ல, நம் தோள். மூலையை ஒட்டி நிற்பவரின் கண் இன்னும் சுவருக்கு உள்ளேயே இருக்க, அவர் தோள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூலையிலிருந்து தள்ளி நிற்பவரின் கண்ணுக்கு அந்தத் தோள் தெரிந்துவிடும். ஆக, மூலையிலிருந்து அதிக தூரத்தில் இருப்பவரே முதலில் பார்க்கிறார். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருவரைக் கதவு நிலையை ஒட்டி நிறுத்துங்கள், நீங்கள் அறையின் மறுகோடியில் நின்றுகொள்ளுங்கள். இருவரும் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் யார் தோள் முதலில் சிக்குகிறது என்று தெரிந்துவிடும்.

இதிலிருந்து வரும் நடைமுறை பாடம், சுவரை உரசிக்கொண்டு நடக்காதீர்கள் என்பதுதான். சுவரை ஒட்டியிருந்தால் பாதுகாப்பு என்று உள்ளுணர்வு சொல்லும். அது பொய். இடம் இருந்தால் ஓரிரு அடி விலகி நின்று, மூலையைத் தர்ப்பூசணியைக் கீற்றுக் கீற்றாக அறுப்பது போலத் திறந்துகொண்டே போக வேண்டும். ஒரு கீற்றைப் பார், யாரும் இல்லை, அடுத்த கீற்று. இப்படிப் போனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும்தான் நீங்கள் தெரிவீர்கள். ஓடிவந்து நடுவில் குதிப்பவர் எல்லாக் கீற்றுக்கும் ஒன்றாகத் தெரிகிறார். நான் நோட்டில் எழுதிய 'மூன்று பக்கத்துக்கும் தெரிந்தேன்' வகைச் சாவுகள் எல்லாம் இதுதான்.

இன்னொரு விஷயம், எட்டிப் பார்ப்பவருக்கு இணையமே கொஞ்சம் சாதகம் செய்கிறது. இதை ஆட்டக்காரர்கள் 'பீக்கர்ஸ் அட்வான்டேஜ்' என்பார்கள். நீங்கள் மூலையைத் தாண்டும் செய்தி முதலில் சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிரியின் கணினிக்கு வர வேண்டும். உங்கள் திரையில் அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கிறார், அதனால் உங்களுக்கு உடனே தெரிகிறது. இருவருக்கும் பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 40 மில்லிநொடி என்றால், போக 20, வர 20, ஆக 40 மில்லிநொடி தாமதமாகத்தான் அவருக்கு நீங்கள் தெரிவீர்கள். சர்வர் கணக்கிடும் நேரமும் அசைவைச் சீராகக் காட்டச் சேர்க்கும் இடைவெளியும் அதற்கு மேல். வால்வ் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் வைத்திருப்பதால் தமிழ்நாட்டில் ஆடுபவருக்குப் பிங் குறைவாகவே கிடைக்கும், ஆனாலும் இந்தச் சாதகம் பூஜ்யமாகாது.

இதற்கு என்ன செய்வது? ஒரே மூலையில் சிலை மாதிரி நிற்பதை விட வேண்டும். ஒருவரைச் சுட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவர் அணிக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தவர் குறியை அங்கேயே வைத்துக்கொண்டுதான் வருவார். பத்தடி நகருங்கள். அல்லது எல்லோரும் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு இரண்டடி முன்னாலோ பின்னாலோ நில்லுங்கள். எதிரியும் உங்களைப் போலவே மேப்பின் வழக்கமான இடங்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார். அந்த மனப்பாடத்தில் இல்லாத இடத்தில் நீங்கள் இருந்தால் அவர் குறியை நகர்த்த வேண்டியிருக்கும், அந்த நேரம் உங்களுக்கு.

ஓடிக்கொண்டே சுடக் கூடாது, ஆனால் நிற்பது எப்படி?

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடும்போது சுட்டால் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏகே, எம்4 போன்ற ரைஃபிள்களில் வேகம் உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் குண்டு நேராகப் போகும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஓடிக்கொண்டே சுடுகிறோம்? நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு சுடுவதால்.

இடப்பக்கம் போக ஏ கீயை அழுத்துகிறீர்கள். எதிரி தெரிந்ததும் கீயை விடுகிறீர்கள். கதாபாத்திரம் உடனே நிற்காது, சறுக்கிக்கொண்டே போய் நிற்கும். கையில் ஏகே இருந்தால் குண்டு நேராகப் போகும் வேகத்துக்கு வரக் கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகிறது. இந்த விளையாட்டில் 0.2 நொடி என்பது ஒரு முழு வாழ்க்கை. இதைத் தவிர்க்க, ஏ கீயை விடும்போதே எதிர்ப்பக்கம் போகும் டி கீயை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எதிர்த்திசை விசை வேகத்தைச் சட்டென்று தின்றுவிடும். நேரம் பாதிக்கும் கீழே குறைகிறது. இதற்குப் பெயர் கவுன்டர்-ஸ்ட்ரேஃப். சறுக்கிப்போகும் படகைத் துடுப்பைத் திருப்பிப் போட்டு நிறுத்துவது போல.

பழகும்போது வரும் வழக்கமான கோளாறு, டி கீயைத் தட்டாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அப்போது எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்துவிடுவீர்கள், மறுபடியும் குறி போச்சு. ஒரு தட்டு, அதே கணத்தில் கிளிக். நிறுத்தம், கிளிக், மறுபடி நகர்வு, நிறுத்தம், கிளிக். இந்தத் தாளம் விரலில் ஏறும்வரை ஒரு பாட்டை நிற்கவைத்து இடமும் வலமும் ஆடிக்கொண்டே ஒற்றை ஒற்றைக் குண்டாகச் சுட்டுப் பழகுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். தாயக்கட்டைத் தட்டு மாதிரி, காது கேட்கும் அளவுக்குச் சீராக வந்துவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு கிளைக்கதை. 2024-ல் சில கீபோர்டு நிறுவனங்கள் இந்த வேலையைக் கீபோர்டே செய்துகொள்ளும்படி ஒரு வசதியைக் கொண்டுவந்தன. ஏ கீயை விடாமலே டி-யை அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியது மட்டும் கணக்கில் வரும். ரேசர் இதற்கு ஸ்னாப் டாப் என்று பெயர் வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வால்வ் தன் சர்வர்களில் இதைத் தடை செய்துவிட்டது. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. விரலின் திறமை என்று எஞ்சியிருப்பதே இந்த மாதிரி இரண்டு மூன்று விஷயங்கள்தான். உங்கள் கீபோர்டில் அந்த வசதி இருந்தால் அணைத்து வைத்துவிட்டு ஆடுங்கள், இல்லையென்றால் ஆட்டத்தின் நடுவில் வெளியே தூக்கிப் போட்டுவிடும்.

வாலரன்ட்டில் இந்தச் சறுக்கல் குறைவு, கீயை விட்டாலே சீக்கிரம் நின்றுவிடும். அங்கிருந்து கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு வருபவர்கள் முதல் சில வாரம் திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

கூட ஒரு ஆள்

இரண்டு பேர் ஒரு மூலைக்குள் நுழைகிறார்கள். முன்னால் போனவர் செத்தார். பின்னால் வந்தவர் அடுத்த கணமே அந்தக் கொலைகாரரைச் சுடுகிறார். இதற்கு ட்ரேட் என்று பெயர். ஐந்துக்கு ஐந்து இருந்தது நாலுக்கு நாலு ஆனது, ஆனால் நீங்கள் இப்போது ஒரு மூலை முன்னேறிவிட்டீர்கள். அதே இரண்டு பேர் பத்து நொடி இடைவெளியில் தனித்தனியாக நுழைந்தால் இருவரும் அதே ஆளிடம் சாவார்கள். இதற்கு எந்த எய்ம் பயிற்சியும் தேவையில்லை. கூட நடந்தால் போதும். தெரியாத நான்கு பேரோடு ஆடும்போது அவர்கள் யாரும் உங்களோடு வரமாட்டார்கள், உண்மை. அப்படியானால் நீங்கள் அவர்களோடு போங்கள். வேகமாக முன்னால் ஓடும் ஒருவர் எல்லா லாபியிலும் இருப்பார். திட்டிக்கொண்டு நிற்பதைவிட அவருக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போவது லாபம்.

எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டின் விலை ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசில் 200 டாலர்தான். அதை நீங்களே எறிந்துவிட்டு நீங்களே நுழைவதைவிட, நண்பர் நுழையும் கணத்தில் அவர் தலைக்கு மேலாக எறிவது பல மடங்கு பயன் தரும். "ஃபிளாஷ் போடுறேன், மூணு எண்ணினதும் போ" என்று ஒரு வார்த்தை மைக்கில் சொன்னால் போதும். ஸ்மோக் 300 டாலர். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் புகை இடத்துக்கு ஏற்றபடி பரவும், நடுவில் ஒரு வெடிகுண்டைப் போட்டால் சிறிது நேரம் விலகி வழி தெரியும். ஒவ்வொரு மேப்புக்கும் ஐம்பது ஸ்மோக் எறிதல்களை வீடியோ பார்த்து மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. தொடக்கத்தில் அது வீண் வேலை. நீங்கள் அடிக்கடி ஆடும் ஒரு மேப், அதில் இரண்டு ஸ்மோக், போதும்.

காசு கணக்கு

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ, புதியவர் ஒரே மாலையில் கற்றுக்கொண்டு மறுநாளே பயனடையக்கூடிய ஒரே விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது. ஆட்டம் 800 டாலரில் தொடங்குகிறது. ரவுண்ட் தோற்றாலும் ஆறுதல் பணம் வரும். தொடர்ந்து தோற்கத் தோற்க அது 1400, 1900, 2400, 2900, 3400 என்று ஏறும். அதற்கு மேல் ஏறாது.

உதாரணமாக, எல்லோர் கையிலும் 2000 டாலர் இருக்கிறது, இந்த ரவுண்ட் தோற்றால் 2400 வரும் என்று வைத்துக்கொள்வோம். எதுவும் வாங்காமல் விட்டால் அடுத்த ரவுண்டில் 4400. ஏகே-47-க்கு 2700, ஹெல்மெட்டோடு கவசம் 1000, ஒரு ஸ்மோக் 300, இரண்டு ஃபிளாஷ் 400. கூட்டிப் பாருங்கள், ஒரு டாலர் மிச்சமில்லாமல் 4400. ஐந்து பேரும் முழு ஆயுதத்தோடு ஒரு ரவுண்ட். மாறாக, பொறுமையில்லாமல் 1800-க்கு ஒரு கலீல் துப்பாக்கி வாங்கி, கவசம் இல்லாமல் போய்ச் செத்தால், 200 மிச்சம், அதோடு 2400, மொத்தம் 2600. அடுத்த ரவுண்டில் ஏகே-கூட வாங்க முடியாது. நண்பர்கள் நால்வர் முழு ஆயுதத்தோடு நிற்க, நீங்கள் மட்டும் அரைகுறையாக நிற்பீர்கள். நீங்கள் ஒருவர் அவசரப்பட்டதில் இரண்டு ரவுண்ட் கெட்டது.

ஐந்து பேரும் சேர்ந்தே வாங்க வேண்டும், சேர்ந்தே சேமிக்க வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து துணிந்து வாங்குவதுகூட நால்வர் சேமிக்க ஒருவர் வாங்குவதைவிட மேல். ஒரு சிறு எச்சரிக்கை: குண்டு வைக்கும் அணியில் இருக்கும்போது, குண்டு வைக்காமலே நேரம் முடியும்வரை எங்காவது ஒளிந்து உயிரோடு இருந்தீர்களானால் அந்த ஆறுதல் பணம் உங்களுக்கு வராது. துப்பாக்கியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த ரவுண்டில் கஜானாவைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய.

நேரக் கணக்கும் இதே மாதிரிதான். குண்டு வைத்தபின் வெடிக்க 40 நொடி. செயலிழக்கச் செய்ய 10 நொடி, அதற்கான கருவியான கிட் இருந்தால் 5. கிட் விலை 400 டாலர். கையில் கிட் இல்லாத ஒருவர் முப்பதாவது நொடிக்குள் குண்டில் கை வைத்தே ஆக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தால், குண்டைக் காக்கும்போது கடைசிப் பத்து நொடியில் அவரைத் தேடி நீங்கள் போகவே வேண்டாம்.

மவுஸ், சென்சிட்டிவிட்டி வகையறா

இங்கே நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் அதிக நேரம் வீணடிக்கிறார்கள். மவுஸின் டிபிஐ-யை (மவுஸிலேயே அமைக்கும் வேக அளவை) விளையாட்டின் சென்சிட்டிவிட்டியால் பெருக்குங்கள். 400 டிபிஐ, 2 சென்சிட்டிவிட்டி என்றால் 800. இந்த அளவில் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். நீங்கள் 3000-ல் ஆடிக்கொண்டிருந்தால் குறையுங்கள், பெரிய மவுஸ் பேட் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டோடு முழங்கையையும் அசைக்கப் பழகுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

எப்படிப் பழகுவது?

டெத்மேட்ச் என்ற வகை ஆட்டத்தில் செத்தால் உடனே பிறக்கலாம். பலர் அதில் மணிக்கணக்காக ஓடி, அதிகம் சுட்டவர் பட்டியலில் முதலிடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அதனால் ஓடிக்கொண்டே சுடும் பழக்கம்தான் உறுதிப்படும். பட்டியலை மறந்துவிடுங்கள். இருபது நிமிடம், ஒரே ஒரு வேலை. திங்கட்கிழமை குறியின் உயரம் மட்டும், எத்தனை முறை செத்தாலும் பரவாயில்லை, குறி தரைக்கு இறங்கியதா என்பது மட்டும்தான் கேள்வி. மறுநாள் நிறுத்தம் மட்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தால் எதுவும் ஒட்டாது.

வாரத்துக்கு ஒரு தோற்ற ஆட்டத்தின் டெமோ பாருங்கள். ஜெயித்த ஆட்டம் வேண்டாம், அதில் நாம் நம்மை ரசிக்கத்தான் செய்வோம். ஒவ்வொரு சாவிலும் துப்பாக்கி வெடிப்பதற்கு இரண்டு நொடி முன்னால் நிறுத்துங்கள். என் குறி எங்கே இருந்தது? நான் நகர்ந்துகொண்டிருந்தேனா? எத்தனை இடத்துக்குத் தெரிந்தேன்? மிக அருகில் இருந்த நண்பர் எவ்வளவு தூரம்? இந்த நான்குக்கும் ஒரு சொல்லில் பதில் எழுதுங்கள். அடுத்து, உங்களைச் சுட்டவரின் பார்வைக்கு மாறி அதே இரண்டு நொடியை மறுபடி ஓடவிடுங்கள். இதுதான் எனக்கு மிகவும் சங்கடமாகவும் மிகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. என்னை அநியாயமாக, நம்பமுடியாத குறியோடு சுட்டதாக நான் நினைத்தவரின் திரையில் அப்படி எதுவுமே நடக்கவில்லை. அவர் ஒரு சுவர் விளிம்புக்குச் சற்று வெளியே, தலை உயரத்தில் குறியை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் ஓடிவந்து அதற்குள் என் தலையை நுழைத்தேன். அவர் மவுஸ் அசையக்கூட இல்லை.